பாட்டு வரிகளைக் கேட்டார்கள், ஸ்டிக்கர் கிடைத்தது: 1985-இன் அமெரிக்க இசைத்தட்டு விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

1984-இல் அமெரிக்காவில் ஒரு தாய் தன் 11 வயது மகளுக்கு பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' இசைத்தட்டை வாங்கிக் கொடுத்தார். வீட்டில் இருவரும் சேர்ந்து கேட்டார்கள். 'டார்லிங் நிக்கி' என்ற பாட்டு வந்ததும் தாய் திகைத்துப் போனார். ஒரு பெண்ணின் சுயஇன்பத்தைப் பற்றித் தொடக்கத்திலேயே பேசும் பாட்டு அது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தத் தாய் டிப்பர் கோர். டென்னஸியிலிருந்து அமெரிக்க செனட்டுக்குத் தேர்வான அல் கோரின் மனைவி. அடுத்த ஓராண்டுக்குள் இந்த விஷயம் வீட்டுக் கூடத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போனது. அங்கிருந்து உலகம் முழுக்க ஆல்பம் அட்டைகளின் கீழ் மூலையில் வந்து உட்கார்ந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியாக மாறியது. இன்று உங்கள் போனில் சில பாட்டுகளின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக 'இ' என்ற ஆங்கில எழுத்து தெரிகிறதே, அதன் பூர்வீகமும் இதுதான்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கலையை ஒடுக்க வந்த மேட்டுக்குடிப் பெண்களை ராக் பாடகர்கள் முறியடித்தார்கள் என்பது ஒன்று. குழந்தைகளைக் காக்க வந்த தாய்மார்களை இசைத் துறை ஏமாற்றியது என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. வரிகளை அட்டையில் அச்சடித்துக் கொடுங்கள் என்று அதற்கு ஒரு நல்ல பதிலும் அப்போதே கையில் இருந்தது. அதைக் கைவிட்டுவிட்டு ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள். எப்படி அப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

கடையில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை

'பர்ப்பிள் ரெயின்' ஒரு திரைப்படத்தின் இசை. அந்தப் படத்துக்கு அமெரிக்கத் திரைப்படத் தர முறையில் 'ஆர்' என்ற தரம் கொடுத்திருந்தார்கள். அதாவது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் போக முடியும். அதே படத்தின் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டில் எந்தக் குறிப்பும் கிடையாது. பதினொரு வயதுப் பிள்ளையே கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி வரலாம். சினிமாவுக்கு 1968 முதல் தரம் பிரிக்கும் முறை இருந்தது. 1984-இல்தான் 'பிஜி-13' என்று நடுவில் ஒரு புதுத் தரத்தையும் சேர்த்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பெற்றோர் 'பாட்டுக்கு ஏன் இல்லை?' என்று கேட்பது இயல்புதான்.

இன்னொன்றும் இருந்தது. பாட்டுக் கேட்கும் இடமே அப்போது மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் வீட்டில் ஒரே ஒரு ரெக்கார்டு பிளேயர் இருக்கும். பிள்ளை கேட்பதை அப்பா அம்மாவும் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1979-இல் வாக்மேன் வந்தது. 1981-இல் எம்டிவி தொடங்கியது. 1980-களின் நடுவில் கேசட் விற்பனை எல்.பி. இசைத்தட்டு விற்பனையை முந்திவிட்டது. பாட்டு கூடத்திலிருந்து காதுக்குள் போய்விட்டது. பிள்ளை என்ன கேட்கிறது என்று பெற்றோருக்குத் தெரிய வழியில்லை. கடையில் சீல் வைத்த உறையைத் திருப்பிப் பார்த்தாலும் பாட்டுத் தலைப்புகள் மட்டும்தான் இருக்கும்.

தேசியப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் 1984-இலேயே இசை நிறுவனங்களிடம் இதைப் பற்றிக் கோரிக்கை வைத்திருந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஊர்களில் கிளைகள் கொண்ட ஒரு சங்கம் கேட்டபோது நகராத விஷயம், வாஷிங்டனில் நான்கு பெண்கள் கேட்டபோது நகர்ந்தது. காரணம், அவர்கள் யார் என்பதுதான்.

நான்கு பெண்களும் பதினைந்து பாட்டுகளும்

1985-இல் டிப்பர் கோரும் சூசன் பேக்கரும் சேர்ந்து பெற்றோர் இசை வள மையம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆங்கில முதலெழுத்துகளில் பி.எம்.ஆர்.சி. சூசன் பேக்கரின் கணவர் ஜேம்ஸ் பேக்கர், அன்றைய நிதித்துறைச் செயலர். கூட இருந்த பாம் ஹவாரின் கணவர் வாஷிங்டனின் பெரிய நிலவணிகர். சாலி நீவியஸின் கணவர் அந்நகர மன்றத்தின் முன்னாள் தலைவர். பத்திரிகைகள் இவர்களை 'வாஷிங்டன் மனைவிகள்' என்று அழைத்தன. அந்தப் பெயரில் ஒரு இளக்காரம் இருந்தது. இந்த விவாதம் முழுக்கவே அந்த இளக்காரம் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களுடைய செல்வாக்கைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒரு தாய் தன் மகளுக்கு வாங்கிய பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்டதை அந்தச் செல்வாக்கோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது.

அவர்கள் இசை நிறுவனங்களுக்கு வைத்த கோரிக்கைகள் ஒரே தரத்தில் இல்லை. பாட்டு வரிகளை அட்டையில் அச்சிடுங்கள் என்பது ஒன்று. ஆபாச அட்டைகளைக் கண்ணில் படாதபடி கவுண்டருக்குக் கீழே வையுங்கள் என்பது ஒன்று. சினிமாவைப் போல் தரம் பிரியுங்கள் என்பது ஒன்று. மேடையில் வன்முறையும் வெளிப்படையான பாலியலும் காட்டும் கலைஞர்களின் ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்யுங்கள் என்பது இன்னொன்று. முதல் கோரிக்கை தகவல் கேட்கிறது. கடைசிக் கோரிக்கை ஒரு மனிதரின் பிழைப்பில் கை வைக்கிறது. ஒரே கடிதத்தில் இரண்டும் சேர்ந்து வந்ததால் முதலாவதை நிதானமாகப் பேச எவருக்கும் முடியாமல் போனது.

தரம் பிரிக்க அவர்கள் முன்வைத்தது நான்கு குறியீடுகள். பாலியல் அல்லது கெட்ட வார்த்தைக்கு 'எக்ஸ்'. வன்முறைக்கு 'வி'. போதைப்பொருளுக்கும் மதுவுக்கும் 'டி/ஏ'. மாந்திரீகம், சாத்தான் சமாச்சாரங்களுக்கு 'ஓ'. எடுத்துக்காட்டாகப் பதினைந்து பாட்டுகளின் பட்டியலையும் வெளியிட்டார்கள். அது 'அழுக்குப் பதினைந்து' என்றே பெயர் பெற்றது. பிரின்ஸ், மடோனா, சிண்டி லாப்பர், ஏசி/டிசி, ஜூடாஸ் ப்ரீஸ்ட், பிளாக் சபாத் என்று போகும் பட்டியலில் பாதிக்கு மேல் பாலியல் பாட்டுகள்.

இந்த நான்கு எழுத்துகளில் 'ஓ'தான் மிக மோசமானது என்பது என் கருத்து. கெட்ட வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதை யார் கேட்டாலும் சொல்லிவிடலாம். ஒரு பாட்டு சாத்தானைப் பற்றியதா, சாத்தானை வணங்குவதா, பேய்க்கதையா என்பதை ஒரு மத நம்பிக்கையின் பக்கம் நின்றுதான் சொல்ல முடியும். ஒருவரின் தெய்வம் இன்னொருவருக்குப் பேய். அந்த எழுத்து நடைமுறைக்கு வந்திருந்தால் கிறிஸ்தவம் அல்லாத எந்த வழிபாட்டு இசையும் அதில் மாட்டியிருக்க இடம் உண்டு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு எழுத்து முறை குறைந்தபட்சம் 'உள்ளே என்ன' என்று சொல்ல முயன்றது. பிறகு வந்த ஸ்டிக்கர் அதைக்கூடச் சொல்லவில்லை.

1985 செப்டம்பர் 19

செனட்டின் வணிகம், அறிவியல், போக்குவரத்துக் குழு அன்று விசாரணை நடத்தியது. தலைவர் மிசூரி செனட்டர் ஜான் டான்ஃபோர்த். சட்டம் கொண்டுவருவது நோக்கமல்ல, விஷயத்தைப் பொதுவில் பேசுவதுதான் நோக்கம் என்று தொடக்கத்திலேயே சொன்னார். இதைக் கேட்ட நெப்ராஸ்கா செனட்டர் ஜேம்ஸ் எக்ஸனுக்கு ஒரு சந்தேகம் வந்தது: சட்டமும் இல்லை, ஒழுங்குமுறையும் இல்லை என்றால் இந்த விசாரணை எதற்கு? அன்று கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது என்று நினைக்கிறேன். தென் கரோலினாவின் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் மறைக்காமலே பேசினார். அரசியலமைப்புப்படி இவற்றை ஒழித்துக்கட்ட ஒரு வழி கிடைத்தால் அதைச் செய்வேன் என்றார். சட்டம் கொண்டுவரும் அதிகாரம் உள்ளவர்கள் மேசையில் உட்கார்ந்துகொண்டு 'நீங்களாகவே செய்யுங்கள்' என்றால், எதிரில் இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்?

ஃபுளோரிடா செனட்டர் பவுலா ஹாக்கின்ஸ் ஆல்பம் அட்டைகளைத் தூக்கிக் காட்டினார். வான் ஹேலனின் ஒரு வீடியோவும் ட்விஸ்டட் சிஸ்டரின் ஒரு வீடியோவும் அவையில் போடப்பட்டன. டிப்பர் கோரும் சூசன் பேக்கரும் தாங்கள் தணிக்கை கேட்கவில்லை, அரசு தலையிட வேண்டும் என்றும் கேட்கவில்லை, பொருளின் மேல் உண்மையை எழுதச் சொல்கிறோம் என்றார்கள்.

எதிர்ப்பக்கத்தில் மூன்று பேர். மூவரும் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள்.

முதலில் ஃபிராங்க் ஸாப்பா. நான்கு பிள்ளைகளின் தகப்பன். பதினைந்து பாட்டுப் பட்டியலில் அவர் பாட்டு ஒன்றுகூட இல்லை. கோட் சூட் போட்டுக்கொண்டு, தயாரித்து வந்த அறிக்கையை வாசித்தார். பி.எம்.ஆர்.சி. யோசனை குழந்தைகளுக்கு உண்மையான எந்த நன்மையும் செய்யாது, குழந்தைகள் அல்லாதவர்களின் உரிமையைப் பறிக்கும் என்றார். பொடுகுக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம் இது என்ற பொருளில் அவர் சொன்ன உவமை அப்புறம் பிரபலமாகிவிட்டது.

உவமை பிரபலமான அளவுக்கு அவர் சொன்ன மற்ற மூன்று விஷயங்கள் பேசப்படவில்லை. அவைதான் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன.

ஒன்று, காலி கேசட் மீதான வரி. வீட்டில் பாட்டைப் பதிவு செய்துகொள்வதால் நஷ்டம் என்று இசை நிறுவனங்கள் அப்போது புலம்பிக்கொண்டிருந்தன. காலி கேசட் மீதும் ரெக்கார்டர் மீதும் ஒரு தொகையை விதித்துத் தங்களுக்குத் தர வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் மசோதாவுக்கு அலைந்தார்கள். அந்த மசோதாவைக் கையாளும் அவையிலேயே பி.எம்.ஆர்.சி.யோடு தொடர்புள்ள பெண்களில் சிலரின் கணவர்கள் இருந்தார்கள். நிறுவனங்கள் இவ்வளவு சீக்கிரம் ஸ்டிக்கருக்குத் தலையாட்டுவது ஏன் என்று ஸாப்பா கேட்டார். மனைவியின் இயக்கம் சம்பந்தப்பட்ட துறையின் பணத்தைப் பற்றிக் கணவர் முடிவு செய்வது சரியா என்றும் கேட்டார். விசாரணைக்கு முந்தைய மாதமே, நான்கு எழுத்து முறை வேண்டாம், பொதுவான ஒரு எச்சரிக்கை வாசகம் போடத் தயார் என்று இசைப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. இறங்கி வந்திருந்தது. கலைஞர்களுக்காகப் பேச வேண்டிய முதலாளிகள், கலைஞர்கள் அவைக்கு வருவதற்கு முன்பே பாதி வழி விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு, பள்ளியில் இசை. பிள்ளைகள் இதைவிட நல்ல பாட்டைக் கேட்க வேண்டும் என்று நினைத்தால் பள்ளிகளில் இசை ரசனை வகுப்பு வையுங்கள், விளையாட்டுக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை என்றார். அன்று அவையில் இருந்த எந்தப் பெரிய மனிதரும் இதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசவில்லை. பிள்ளைகள் மேல் இருந்த அக்கறை எவ்வளவு தூரம் போகத் தயாராக இருந்தது என்பதை இந்த மௌனத்தில் பார்க்கலாம்.

மூன்று, வரிகள். எல்லா ஆல்பத்திலும் எப்போதும் வரிகளை அச்சிடுவதில் தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று ஸாப்பா தெளிவாகச் சொன்னார். அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு என்றும் சொன்னார். பாட்டின் ஒலிப்பதிவு இசை நிறுவனத்துக்குச் சொந்தம். வரிகள் இசைப் பதிப்பகத்துக்குச் சொந்தம். பதிப்பகத்திடம் உரிமை வாங்காமல், அதாவது காசு கொடுக்காமல், நிறுவனம் தன் அட்டையில் வரிகளை அச்சிட முடியாது. அந்தக் காசை யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் முழு வழக்கும் இங்கேதான் திரும்பியது.

இரண்டாவதாக வந்தவர் ஜான் டென்வர். 'கன்ட்ரி ரோட்ஸ்' பாடியவர். வட்டக் கண்ணாடியும் குழந்தை முகமுமாக, அமெரிக்கத் தாய்மார்களுக்கே செல்லமான பாடகர். இவராவது நமக்கு ஆதரவாகப் பேசுவார் என்று குழுவில் பலர் எதிர்பார்த்திருக்கலாம். எந்த வகைத் தணிக்கையையும் வன்மையாக எதிர்க்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அவருடைய 'ராக்கி மவுன்டன் ஹை' பாட்டைச் சில வானொலி நிலையங்கள் முன்பு ஒலிபரப்ப மறுத்திருந்தன. தலைப்பில் இருந்த 'ஹை' என்ற சொல்லைப் பார்த்து, போதையைப் பற்றிய பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். கொலராடோ மலையில் நண்பர்களோடு முகாமிட்டு, இரவில் எரிகல் மழையைப் பார்த்த பரவசத்தில் எழுதிய பாட்டு அது. கேட்டவர்கள் அந்த மலையையோ அந்த இரவையோ பார்த்ததில்லை என்பதுதான் அவர் வாதம்.

மூன்றாவது டீ ஸ்னைடர், ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் பாடகர். கையில்லாத சட்டை, ஜீன்ஸ், தோளுக்குக் கீழே தொங்கும் சுருட்டை முடி. பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, தனக்கு 30 வயது, திருமணமாகி மூன்று வயது மகன் இருக்கிறான், கிறிஸ்தவனாக வளர்ந்தேன், புகை, மது, போதை எதுவும் கிடையாது என்று ஆரம்பித்தார். அவர் எழுதிய 'அண்டர் தி பிளேடு' பாட்டு துன்புறுத்தல், கட்டிப்போடுதல், வன்புணர்வு பற்றியது என்று டிப்பர் கோர் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். உண்மையில் குழுவின் கிடார் கலைஞருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடக்க இருந்த நேரத்தில் எழுதியது அது. கத்திக்குக் கீழே படுக்கும் பயம்தான் பொருள். கோர் சொல்வதெல்லாம் கோரின் மனதில் மட்டும்தான் இருக்கிறது என்று ஸ்னைடர் முகத்துக்கு நேராகச் சொன்னார். பட்டியலில் 'வி' முத்திரையோடு இருந்த அவர்களுடைய இன்னொரு பாட்டில் வன்முறை வரி ஒன்றுமே இல்லை. வீடியோவில் வருவதும் கார்ட்டூன் பாணிச் சேட்டைதான்.

டென்வரும் ஸ்னைடரும் சொன்னதில் ஒரே பாடம் இருக்கிறது. கெட்ட வார்த்தையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வரியின் பொருளைத் தீர்மானிப்பது சுலபமில்லை. படித்த, பொறுப்பான பெரியவர்களே நிதானமாக உட்கார்ந்து பார்த்தும் அறுவை சிகிச்சையை வன்புணர்வாகவும் எரிகல்லைப் போதையாகவும் படித்துவிட்டார்கள். அப்படியானால் யாரோ ஒருவர் படித்துச் சொல்லும் தீர்ப்பைவிட, வரிகளை அப்படியே பெற்றோர் கையில் கொடுப்பதுதானே முறை?

நவம்பர் 1: ஒப்பந்தம்

ஆறு வாரம் கழித்து, 1985 நவம்பர் 1 அன்று, ஆர்.ஐ.ஏ.ஏ., பி.எம்.ஆர்.சி., பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூன்றும் உடன்பாட்டுக்கு வந்தன. சட்டம் எதுவும் இல்லை. வெளிப்படையான பாலியல், வன்முறை, போதை உள்ள ஆல்பங்களில் நிறுவனங்கள் இரண்டில் ஒன்றைச் செய்யும்: ஒன்று, 'வெளிப்படையான வரிகள், பெற்றோர் கவனத்துக்கு' என்ற பொருளில் ஒரு வாசகம் போடலாம், அல்லது பாட்டு வரிகளை அட்டையில் அச்சிடலாம். எந்த ஆல்பத்துக்கு எது என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்யும்.

இந்த 'அல்லது' என்ற ஒரு சொல்லில்தான் விஷயம் முடிந்தது. ஒரு பக்கம், பதிப்பகத்திடம் உரிமை வாங்க வேண்டும், பணம் கொடுக்க வேண்டும், கேசட்டின் சின்ன அட்டையில் இடம் தேட வேண்டும். மறுபக்கம், ஒரு வாசகத்தை ஒட்டினால் போதும், மையும் காகிதமும்தான் செலவு. வணிகம் செய்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? எனக்கு நிறுவனங்கள் மேல் இதில் பெரிய கோபம்கூட இல்லை. அப்படி ஒரு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு வெற்றி என்று அறிவித்த பெற்றோர் தரப்பின் மேல்தான் வருத்தம். 'உள்ளே என்ன இருக்கிறது?' என்று கேட்டவர்கள், 'ஏதோ இருக்கிறது' என்ற பதிலோடு திரும்பிவிட்டார்கள்.

நம் ஊரில் ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். சாணிக் காகிதம், மங்கிய அச்சு, ஆனால் எல்லா வரியும் இருக்கும். இதைச் செய்யப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்டிக்கர் என்ன செய்தது

முதல் ஐந்து ஆண்டுகள் ஆளுக்கொரு வாசகம், ஆளுக்கொரு அளவு. இதற்கிடையில் மாநிலச் சட்டமன்றங்கள் விழித்துக்கொண்டன. 1990 வாக்கில் பல மாநிலங்களில் ஸ்டிக்கரைக் கட்டாயமாக்கும் மசோதாக்கள் வந்தன. லூசியானாவில் அப்படி ஒன்று நிறைவேறியே விட்டது. ஆளுநர் பட்டி ரோமர் அதை நிராகரித்தார். இந்த நெருக்கடியில்தான் ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே மாதிரியான கறுப்பு வெள்ளைப் பெட்டியை 1990-இல் கொண்டுவந்தது. 'தானாக முன்வந்து' செய்தது என்று ஆவணங்களில் இருக்கும். தலைக்கு மேல் மசோதா தொங்கும்போது முன்வருவதை அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை.

அதே ஆண்டு ஃபுளோரிடாவில் நடந்தது இந்த வழக்கின் மிகக் கசப்பான பகுதி. 2 லைவ் க்ரூ என்ற மயாமி ராப் குழுவின் 1989 ஆல்பம் மிகப் பச்சையானது, அதில் சந்தேகமில்லை. அதன் மேல் எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். கெட்ட வார்த்தைகளை நீக்கிய ஒரு பதிப்பையும் தனியாக விற்றார்கள். ஒரு பொறுப்பான விற்பனையாளர் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று 1985-இல் கேட்டார்களோ, அதெல்லாம் நடந்திருந்தது. ஆனாலும் 1990 ஜூன் 6 அன்று கூட்டரசு நீதிபதி ஹோசே கொன்சாலஸ் அந்த ஆல்பம் சட்டப்படி ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். அமெரிக்காவில் ஒரு இசைப்பதிவுக்கு அப்படி ஒரு கூட்டரசுத் தீர்ப்பு வந்தது அதுதான் முதல் முறை. இரண்டு நாளில், ரகசியமாக வந்த போலீஸ்காரர் ஒருவருக்கு அதை விற்ற ஒரு கறுப்பினக் கடைக்காரரைக் கைது செய்தார்கள். பிறகு அவருக்கு 1,000 டாலர் அபராதம். வாங்கியவர் குழந்தையல்ல, வளர்ந்த போலீஸ்காரர். பெரியவர்களுக்கு மட்டுமான ஒரு கிளப்பில் பாடியதற்காகக் குழுவினரையும் கைது செய்தார்கள். அக்டோபரில் ஜூரி அவர்களை விடுவித்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம் எளிமையானது. ஆபாசம் என்று சொல்ல, அந்தப் படைப்பில் தீவிரமான கலை மதிப்பு எதுவும் இல்லை என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும். அரசுத் தரப்பு கொடுத்த சான்று அந்த கேசட் மட்டும்தான். எதிர்த்தரப்பில் கார்ல்டன் லாங் என்ற அறிஞர், கறுப்பின மக்களின் வாய்மொழிக் கேலி மரபிலிருந்து இது எப்படி வருகிறது என்று விளக்கியிருந்தார். நீதிபதி தானாகக் கேட்டுவிட்டு மதிப்பில்லை என்று முடிவு செய்ய முடியாது என்றது மேல்நீதிமன்றம்.

தவறுதலாக ஒரு தட்டை விற்றுவிடும் கடைக்காரருக்கு என்ன ஆபத்து காத்திருக்கிறது என்று ஸாப்பா 1985-இல் கேட்டிருந்தார். ஐந்தே ஆண்டில் ஒரு கடைக்காரர் விலங்கோடு போனார். எந்த இசைக்கு இந்தக் கதி நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். குடியும் கொலையும் துரோகமும் நிறைந்த கன்ட்ரி பாட்டுகள் அமெரிக்காவில் ஏராளம். பதினைந்து பாட்டுப் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லைக் கொண்ட டென்னஸியின் செனட்டர்தான் அல் கோர் என்பதை ஸாப்பா விசாரணையிலேயே சுட்டினார். ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடம் ஹெவி மெட்டலும் ராப்பும்.

கடைகளிலும் ஸ்டிக்கர் தகவலாக வேலை செய்யவில்லை, கதவாக வேலை செய்தது. வால்மார்ட் ஸ்டிக்கர் ஒட்டிய ஆல்பங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தது. அமெரிக்காவின் சின்ன ஊர்கள் பலவற்றில் வேறு கடையே கிடையாது. அதனால் நிறுவனங்கள் வார்த்தைகளை வெட்டி, அட்டையை மாற்றி 'சுத்தமான' பதிப்புகளைத் தயாரிக்கத் தொடங்கின. அரசு ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. ஆனால் வரிகள் வெட்டப்பட்டன. வாஷிங்டன் மாநிலம் ஒரு படி மேலே போய் 1992-இல் 'காம இசை'யைச் சிறார்க்கு விற்பதைத் தண்டிக்கும் சட்டமே போட்டது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் சியாட்டிலின் சவுண்ட்கார்டன் குழுவும் உண்டு. 1994-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது.

சரி, இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைக்காவது பயன் இருந்ததா? 1999-இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் அதிபர் கிளின்டன் கேட்டதன் பேரில் கூட்டரசு வணிக ஆணையம் ஒரு ஆய்வு நடத்தியது. 2000 செப்டம்பரில் வந்த அறிக்கையில் ஒரு எண் இருக்கிறது. பெரியவர் துணையில்லாமல் கடைக்குப் போன 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், ஸ்டிக்கர் ஒட்டிய ஆல்பத்தை 100-க்கு 85 முறை வாங்க முடிந்தது. அதைவிட மோசம், ஆணையம் எடுத்துப் பார்த்த ஸ்டிக்கர் ஆல்பங்கள் 55. அவற்றில் 15-இன் விளம்பரத் திட்டங்களில் பதின்ம வயதினரை இலக்கு என்று நேரடியாகவே எழுதி வைத்திருந்தார்கள். எச்சரிக்கையை ஒட்டியவரும், எச்சரிக்கப்பட்ட பிள்ளையைத் தேடி விளம்பரம் செய்தவரும் ஒருவரே. ஸ்டிக்கரை ஒட்டுவதா வேண்டாமா என்பதைத் தயாரிப்பாளர் கையிலேயே விட்டால் இதுதான் நடக்கும்.

வரிகள் இப்போது எங்கே

காலி கேசட் மசோதா அந்த வடிவில் நிறைவேறவில்லை. 1992-இல் டிஜிட்டல் ரெக்கார்டர்களுக்கும் அவற்றின் காலி டேப்புகளுக்கும் உரிமத்தொகை விதிக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு அல் கோர் துணை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸாப்பா 1993 டிசம்பரில் இறந்தார். பெட்டியில் இருந்த 'வரிகள்' என்ற சொல் பின்னாளில் 'உள்ளடக்கம்' என்று மாறியது. இசை இணையத்துக்குப் போனபோது பெட்டி சுருங்கி ஒற்றை எழுத்தானது. ஒரே ஒரு வசவு வார்த்தை வரும் காதல் பாட்டுக்கும், ஒரு பெண்ணை அடித்துக் கொல்வதை ரசித்துப் பாடும் பாட்டுக்கும் இன்றும் அதே எழுத்துதான். வசவு இல்லாத, ஆனால் பெண்ணைத் துரத்திப் பிடிப்பதைக் காதல் என்று சொல்லும் பாட்டுக்கு அந்த எழுத்துகூடக் கிடையாது. ஒரு தகப்பனோ தாயோ இவற்றில் எதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கடந்த வாரம் என் அக்கா மகள், பன்னிரண்டு வயது, தன் போனில் ஒரு ஆங்கிலப் பாட்டைக் காட்டி, "சித்தி, இந்த எழுத்து எதுக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்போ இதுல என்ன தப்பா இருக்கு?" என்றாள். எழுத்தைப் பார்த்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திரையை மேலே தள்ளினேன். பாட்டு ஓட ஓட வரிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. இருவரும் சேர்ந்து படித்தோம். ஒரு இடத்தில் நிறுத்தி, இந்த ஆள் இப்படிப் பேசுவது சரியா என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம்.

1985-இல் அட்டையில் அச்சிட முடியாது என்று சொன்ன அதே வரிகள்தான். அவற்றின் உரிமை இன்றும் பதிப்பகங்களிடம்தான் இருக்கிறது. பாட்டுச் செயலிகள் அவர்களுக்குப் பணம் கொடுத்து உரிமம் வாங்கித்தான் காட்டுகின்றன.